இரைச்சல் நீங்காத ரெக்கார்ட் பிளேயரும் 7,800 ரூபாய் பில்லும்

அனுப்புநர்: வாடிக்கையாளர், செங்கோட்டை.
பெறுநர்: மேலாளர், பழுதுபார்ப்புப் பிரிவு, சென்னை.
பொருள்: செய்யாத வேலைக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

ஆனி மாதம் தங்களிடம் பழுதுபார்க்க அனுப்பிய எனது கேரார்ட் 401 ரெக்கார்ட் பிளேயர் சென்ற வாரம் வீடு வந்து சேர்ந்தது. போகும்போது இருந்த இரைச்சல் அப்படியே இருந்தது. கூடவே ஓர் அதிர்வும் புதிதாக வந்திருந்தது. வீணை இசைத்தட்டைப் போட்டால், தம்புராவுக்குப் பக்கத்தில் மோட்டார் தனியாக ஒரு சுருதி பிடித்தது.

பில்லில் ஐட்லர் சக்கரம் (மோட்டாரின் சுழற்சியை இசைத்தட்டு வைக்கும் தட்டுக்குக் கடத்தும் ரப்பர் சக்கரம்) 3,200, மோட்டார் சர்வீஸ் 2,500, சுத்தம் செய்தல் 1,200, வெளிமாநில பார்சல் 900. சக்கரத்தை மாற்ற நான் சொல்லவே இல்லை. அதன் ரப்பரில் ஓரிடம் தட்டையாகிவிட்டால், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் 'டப் டப்' என்று தட்டும். என்னுடையது இடைவிடாத உறுமல் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தேன்.

தொலைபேசியில் கேட்டபோது, "மலையோர ஊர், வோல்டேஜ் சரியிருக்காது" என்றார் தங்கள் மெக்கானிக். வேகம் சரியாக இருந்தால், தட்டின் ஓரத்துப் புள்ளிகள் நியான் வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். என்னுடையதில் முதல் பத்து நிமிடம் அவை பின்னோக்கி நழுவின. மோட்டார் சூடேறிய பிறகே அசையாமல் நின்றன. வோல்டேஜ் பத்து நிமிடத்தில் திருந்திவிடுமா? தட்டையும் சக்கரத்தையும் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டேன். உறுமல் குறையவில்லை. அணைத்ததும், தானாகச் சுழன்று ஓய வேண்டிய தண்டு மூன்றே விநாடியில் நின்றுவிட்டது.

பம்பு செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணாச்சி ஒருவரிடம் எடுத்துப் போனேன். இசைத்தட்டைப் பார்த்தே பல வருடம் ஆயிற்று என்றார். ஆனால் மோட்டாரைப் பிரித்தார். தண்டைத் தாங்கும் வெண்கல புஷ்ஷுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டிய ஃபெல்ட் துணி காய்ந்த அப்பளம்போல் நொறுங்கியது. தண்டில் பழைய எண்ணெய் வெல்லப்பாகாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்து, "இதை யாரும் திறக்கவே இல்லை" என்றார். மோட்டாரைத் தொங்கவிடும் ஸ்பிரிங்குகளில் ஒன்று கொக்கியிலிருந்து கழன்று, மோட்டாரின் சட்டம் மேல்தகட்டில் முட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரை அசையாமல் கட்டாமல் பெட்டியில் அடைத்து அனுப்பியதன் பலன் அது. புதிய அதிர்வும் அங்கிருந்துதான்.

தண்டைத் துடைத்து, புஷ்களை இரவு முழுக்க மெல்லிய எண்ணெயில் ஊறவைத்து, புது ஃபெல்ட் வைத்து, ஸ்பிரிங்கை மாட்டினார். இப்போது அணைத்தால் மோட்டார் நிற்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கூலி 400 ரூபாய்.

அந்த 'வெளிமாநில' பார்சல் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. தங்கள் பில் போடுபவருக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

மோட்டார் சர்வீஸ் கட்டணம் 2,500 ரூபாயையும் பார்சலில் கூடுதலாக வாங்கியதையும் பதினைந்து நாளுக்குள் அனுப்பிவையுங்கள். தவறினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கழற்றி வைத்துக்கொண்ட என் பழைய ஐட்லர் சக்கரமும் எனக்கு வேண்டும். உள்மாநிலக் கட்டணத்திலேயே அனுப்பலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்