வகுப்பு எடுக்கப்போகும் மகளுக்கு

சிவமயம்

அன்பு மகள் மீனாளுக்கு, காரைக்குடியிலிருந்து அப்பச்சி எழுதுவது.

உன் ஆசிரியர் உனக்குத் தாய் சி என்னும் சீன உடற்கலையில் வகுப்பு எடுக்க அனுமதி கொடுத்துவிட்டார் என்ற செய்தி கிடைத்த அன்றைக்கே ஆத்தா கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். முதியவர்களுக்காக அசைவுகளின் நீண்ட வரிசையைச் சுருக்கலாமா, அப்படிச் சுருக்குவது பரம்பரைக்குச் செய்யும் துரோகமாகுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சுருக்கலாம், ஆனால் எதை விட்டாய், யார் வகுத்த வரிசையைச் சொல்லிக்கொடுக்கிறாய் என்பதை மாணவரிடம் மறைக்கக் கூடாது.

நாம் பரம்பரை என்று சொல்வதே மாறி மாறி வந்ததுதான். ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தில் ஒரு குடும்பத்துக்குள் இருந்த கலையை, சென் சாங்ஷிங் (1771–1853) வெளியாளான யாங் லூசானுக்கு (1799–1872) கற்றுக்கொடுத்தார். லூசான் ஒளிந்திருந்து பார்த்துக் கற்றார் என்ற கதையை வகுப்பில் சொல்ல நேர்ந்தால், கதை என்றே சொல். அவர் அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோய் அன்று சீனாவை ஆண்ட மஞ்சு இனப் பிரபுக்களுக்கும் பயிற்றுவித்தார். அவருடைய பேரர் யாங் செங்ஃபூ துள்ளலையும் திடீர் விசையையும் குறைத்து, சீரான வேகத்தில் விரிந்து நடக்கும் வடிவமாக அதை ஆக்கியதால்தான் நோயாளியும் வயோதிகரும் பழக முடிந்தது. அவருடைய மாணவர் செங் மான்சிங் அதை 37 நிலைகளாகச் சுருக்கினார். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் 24 அசைவுகளில் ஓர் எளிய வரிசையை வெளியிட்டது. நீண்ட வரிசையையே சிலர் 85 என்றும் சிலர் 108 என்றும் எண்ணுகிறார்கள். அந்தச் சண்டையில் நீ தலையிட வேண்டாம். செங் மான்சிங்கும் ஆணையமும் தாம் சுருக்கியதைச் சுருக்கம் என்றே சொன்னார்கள் என்பதையே நீ கவனிக்க வேண்டும். மாணவருக்கு 24 கொடுத்தாலும் உன் உடம்பில் முழு வரிசையும் தினமும் நடக்கட்டும். கொடுப்பதற்கு மேல் கையிருப்பு இல்லாத ஆசிரியரிடம் மாணவர் அடுத்த கேள்வி கேட்க முடியாது.

அனுமதி கிடைத்துவிட்டதால் படிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணாதே. உன் ஐயா காலத்தில் வெளிநாட்டுக் கடைக்குப் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை வேலைக்குக் கப்பலேறியவர் அடுத்தாளாகி, அதன் பின்பே மேலாளாகிக் கடைப் பொறுப்பை ஏற்றார். மேலாளான பிறகும் மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஊருக்கு வந்து முதலாளி முன்னால் கணக்கை ஒப்பிக்கத்தான் வேண்டியிருந்தது. நீயும் அவ்வப்போது உன் ஆசிரியர் முன்னால் வரிசையைச் செய்துகாட்டித் திருத்தம் வாங்கிக்கொள். வகுப்பு எடுக்கத் தொடங்கியவர்களுக்கு வரும் பெரிய ஆபத்து, நாள் முழுவதும் பிறரைத் திருத்திக்கொண்டிருப்பதால் தம்மைத் திருத்த ஆளில்லாமல் போவதுதான்.

பினாங்கில் என் ஆசிரியர் வாயால் சொன்னது குறைவு. தோளில் இரண்டு விரலை வைப்பார். தோள் தானாக இறங்கும். யாங் செங்ஃபூவின் பத்து விதிகளில் இடுப்பைத் தளர்த்து, தோளையும் முழங்கையையும் இறக்கு, எடை தாங்கும் நிறைகாலையும் எடை இல்லாத வெறுங்காலையும் பிரித்தறி என்பவற்றை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் எடை முழுவதும் ஒரு காலுக்குப் போய்ச் சேரும் முன்பே மற்றக் காலைத் தூக்குகிற பழக்கம் ஒருவரை விட்டுப்போக மாதக்கணக்காகும். அதுவரை அடுத்த அசைவைக் காட்டாதே. அவர்கள் சலித்துக்கொள்வார்கள், சிலர் நின்றும் போவார்கள், போகட்டும். முழங்கால் மூட்டைப் பொறுத்தவரை மட்டும் பொறுமைக்கு இடமில்லை: கால்விரல் பார்க்கும் திசையைத்தான் முழங்காலும் பார்க்க வேண்டும், அது உள்ளே சரிவதைக் கண்டால் உடனே நிறுத்து. இங்கே நம் வீட்டு வளவில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஆச்சிகள் பயிற்சிக்கு நிற்கும்போது நான் முதலில் பார்ப்பது கையை அல்ல, முழங்காலை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் இருந்தால் அன்றைக்கு உட்கார்ந்து செய்யும் பயிற்சி மட்டும்தான்.

நோய் தீரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், தாய் சி பழகியவர்களுக்கு நிலைதடுமாறாமல் நிற்கும் திறன் கூடியதென்று 2012இல் வெளியிட்டார்கள். அது நிற்பதைப் பற்றிய செய்தியே தவிர, நோய் தீர்ந்த செய்தி அன்று. பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக வாழும் ஓர் ஆச்சி விழாமல் இரண்டாங்கட்டு வரை நடந்து போய்வருவது எனக்குப் போதுமான பலனாகத் தெரிகிறது.

வகுப்பு எத்தனை பெரிதானாலும், கையோடு கை ஒட்டித் தள்ளிப் பழகும் பயிற்சியை விட்டுவிடாதே. தனியாக ஆடும்போது எல்லோருக்கும் வேர், அதாவது தரையில் அசையாமல் ஊன்றிய பிடி, இருப்பதுபோலவே தோன்றும். எதிரில் ஒருவர் கை வைத்தால்தான் எங்கே விறைக்கிறோம் என்பது தெரியும். உன்னைவிடத் தேர்ந்தவர் சிங்கப்பூரில் ஒருவராவது இருப்பார். வாரம் ஒரு காலை அவரிடம் போய்த் தள்ளு வாங்கு. சித்திரையில் வரும்போது இரண்டு நாளில் ஓடிவிடாமல் தங்குகிறாற்போல் வா; இங்கே எனக்கும் தள்ளிப் பார்க்க ஆள் இல்லை.

இப்படிக்கு,
அப்பச்சி