காவியா மலையில் பனி கொட்டிய ஞாயிற்றுக்கிழமை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவிக்குத் தடை, இத்தாலியின் ஜிரோ சைக்கிள் பந்தயத்தைப் போனில் இயர்போன் மாட்டிக்கொண்டு திருட்டுத்தனமாகத்தான் பார்க்கிறேன்.

சரி, நீ கிளப்பிய சண்டைக்கு வருகிறேன். 2024 ஜிரோவில், லிவின்யோ என்கிற மலை ஊரில் வீரர்கள் மழையிலும் குளிரிலும் கிளம்ப மாட்டோம் என்று அடம்பிடித்து, மலை ஏற்றத்தைப் பாதையிலிருந்து நீக்கி, தூரத்தைக் குறைத்து ஓட்டியதைச் சொல்லி, "1988-ல் காவியா கணவாயில் கொட்டுகிற பனியிலேயே ஓட்டினார்கள், இந்தக் காலத்துப் பசங்களுக்கு நெஞ்சுரம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த 1988 ஜிரோ எனக்கும் கிறுக்குப் பிடிக்க வைத்த பந்தயம்தான். ஆனால் அதை யார் சொன்னாலும் வீரக்கதையாகவே சொல்கிறார்களே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

ஜூன் 5, ஞாயிறு. 14-வது ஸ்டேஜ் (பந்தயத்தின் ஒரு கட்டம்), வால்மலென்கோவிலிருந்து போர்மியோவுக்கு, வெறும் 120 கிலோமீட்டர். அடிவாரத்தில் மழை, மேலே பனி. பந்தய இயக்குநர் தோர்ரியானி பாதை திறந்திருக்கிறது, போகலாம் என்று சொல்லிவிட்டார். காவியா என்றால் 2,600 மீட்டருக்கு மேலே உயரம், சில இடங்களில் 16 சதவீத ஏற்றம், அப்போது மேல்பகுதி தார் போடாத மண் பாதை வேறு. பனி உருகி உருகிச் சேறாகிக் கிடந்ததில்தான் ஏறியிருக்கிறார்கள்.

இதில் யார் தைரியசாலி என்று கேட்டால் நான் யோகான் வான் டெர் வெல்டேயைத்தான் சொல்வேன். டச்சுக்காரர். அரைக்கை ஜெர்சியோடு எல்லாரையும் விட்டுவிட்டு ஏறி, உச்சியை முதலில் கடந்தவர் அவர்தான். அப்புறம் என்ன ஆனது? இறக்கத்தில் கொஞ்ச தூரம் போவதற்குள் உடம்பு விறைத்துப்போய், இறங்கி ஒரு வண்டிக்குள் ஒதுங்கி, சூடு பிடித்தபிறகு மறுபடி கிளம்பி, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிந்தி போர்மியோ வந்து சேர்ந்தார். அவருக்கு நெஞ்சுரம் இல்லையென்று நீ சொல்வாயா?

ஏறும்போது யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை, கவனி. மிதிக்கிற மிதியில் உடம்பு தானாகச் சூடாகிவிடும், வியர்வையில் உள்ளே எல்லாம் நனைந்தும்விடும். உச்சி தாண்டினதும் மிதிக்கிற வேலை நின்றுவிடுகிறது, ஆனால் வேகம் ஏறுகிறது, நனைந்த உடம்பில் அந்தக் காற்று அடிக்கிறது, இப்படியே 25 கிலோமீட்டர் இறங்க வேண்டும். விரல் மரத்துப்போனால் பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. நம் கோத்தகிரி இறக்கத்தில் டிசம்பர் விடியற்காலை மழையில் மாட்டினவனுக்கு இதில் நூற்றில் ஒரு பங்காவது புரியும்.

அந்தப் பந்தயத்தில் ஓட்டிய அமெரிக்கர் ஆண்டி ஹாம்ஸ்டனின் டீம் செய்தது என்ன என்று பார். செவன்-இலெவன் கடைக்காரர்கள் ஸ்பான்சர் செய்த அமெரிக்க டீம், ஐரோப்பியர்கள் அவர்களைப் புதுப்பையன்களாகத்தான் பார்த்தார்கள். ஹாம்ஸ்டன் வளர்ந்ததே வடக்கு டகோட்டாவில், குளிர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அன்று காலை டீம்காரர்கள் பனிச்சறுக்குச் சாமான் விற்கிற கடைக்குப் போய்க் கம்பளித் தொப்பி, தடித்த கிளவுஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்கள். உடம்பு முழுக்கக் கிரீஸ் மாதிரி ஒன்றைத் தடவிக்கொண்டுதான் கிளம்பினார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் காய்ந்த துணியும் சூடான டீயும் தயார்.

அதிலே எனக்கு மறக்கவே மறக்காத இடம் ஒன்று உண்டு. தொப்பியை மாட்டுவதற்கு முன்னால் தலை ஈரத்தைத் துடைக்கலாம் என்று ஹாம்ஸ்டன் முடியைக் கோதினாராம், தண்ணீர் வழியும் என்று பார்த்தால் தலையில் சேர்ந்திருந்த பனி உருண்டையாகப் பெயர்ந்து முதுகில் உருண்டது. இறக்கத்தில் கியர் உறைந்துபோய்விட்டது, செயினும் உறைந்துவிடக் கூடாதே என்று இறக்கத்திலும் மிதித்துக்கொண்டே போனார். ஒருமுறை குனிந்து காலைப் பார்த்தார், செக்கச் சிவந்து, மேலே ஐஸ் படிந்து கிடந்தது. அதோடு சரி, பிறகு காலைப் பார்ப்பதே இல்லை என்று முடிவு செய்துகொண்டார்.

போர்மியோவை நெருங்கும்போது எரிக் பிரூகிங்க் என்ற வீரர் ஹாம்ஸ்டனைத் தாண்டிப் போய் 7 விநாடி வித்தியாசத்தில் ஸ்டேஜை ஜெயித்தார். ஆனால் மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் பிங்க் ஜெர்சி ஹாம்ஸ்டனுக்கு வந்தது, அதுவரை அதைப் போட்டிருந்த கியோச்சோலி சுமார் 5 நிமிடம் இழந்திருந்தார். கடைசியில் ஹாம்ஸ்டன் 1 நிமிடம் 43 விநாடி வித்தியாசத்தில் பந்தயத்தையே ஜெயித்தார், ஜிரோவை வென்ற முதல் அமெரிக்கர். நல்ல மலையேறிதான், மறுக்கவில்லை, பிற்பாடு தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் மலையேற்ற டைம் டிரயலையும் ஜெயித்தார். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முக்கால்வாசிக் காரணம் அந்தக் கிளவுஸும் டீயும் என்பதுதான் என் கட்சி.

எல்லா டீமுக்கும் அன்று அது இல்லை. மழைக்கோட்டுகூட இல்லாமல் எத்தனையோ பேர் இறங்கினார்கள். ஒருத்தன் பள்ளத்தில் விழுந்திருந்தால் இன்றைக்கு இதை வீரம் என்றா பேசியிருப்போம்? 2013-ல் காவியாவும் ஸ்டெல்வியோ என்ற இன்னொரு கணவாயும் சேர்ந்த ஸ்டேஜை அப்படியே ரத்து செய்தார்களே, அது சரியான முடிவு. லிவின்யோவிலும் நான் வீரர்கள் பக்கம்தான்.

2020 ஜிரோவில் மோர்பென்யோ ஊரிலிருந்து கிளம்பிய ஸ்டேஜை நீ எழுதவில்லை, எழுதியிருந்தால் உன் கட்சிக்கு வலு சேர்ந்திருக்கும். அன்று சமவெளிதான், வெறும் மழைதான், 250 கிலோமீட்டருக்கு மேல் இருந்ததைப் பாதியாக்கிவிட்டார்கள். மலையும் இல்லை, பனியும் இல்லை, எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்புறம், பையனுக்குச் சைக்கிள் கேட்டிருந்தாயே, கியர் எத்தனை என்று பார்க்காதே, முதலில் சைஸ் பார். அவன் உயரத்தையும், கவட்டிலிருந்து தரை வரை உள்ள அளவையும் சுவரோரம் நிற்கவைத்து எடுத்து அனுப்பு. இந்த வாரத்துக்குள் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போது விசாரிக்கிறேன்.

உன் பழைய ரூம்மேட்