அந்தக் குரலை எடுத்துவிடுங்கள்

குற்றக் கதைகளையும் பேரிடர்க் கதைகளையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் பாட்காஸ்ட் தம்பிகளுக்கு,

வணக்கம். 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றிய எபிசோடில் ஒரு அக்காவின் வாய்ஸ் மெசேஜைப் போட்டுச் சிரித்தீர்களே, அந்த இடத்தைத்தான் சொல்கிறேன். மெயில் போட்டதற்குக் கைகூப்பும் எமோஜி ஒன்று பதிலாக வந்தது, அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆளவந்தார் கொலை வழக்கு எபிசோட் எனக்குப் பிடித்திருந்தது. 1952-ல் தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டிக்குள் போட் மெயிலில் மானாமதுரை வரை போனதை நீங்கள் சொன்னபோது நானும் சிரித்தேன், ஏனென்றால் பெட்டியை ரயிலேற்றினால் கொலை மறைந்துவிடும் என்று நம்பியவர்களைத்தான் கிண்டல் செய்தீர்கள். வெள்ளத்துக்கு வந்ததும் கிண்டல் யார் பக்கம் திரும்பியது?

"தம்பி, கட்டில் மிதக்குதுடா, அம்மாவத் தூக்க முடியல." டிசம்பர் 1 ராத்திரி, ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா தன் தம்பிக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அது. அப்புறம் டவர் போய்விட்டது. படுத்த படுக்கையாக இருந்த அந்த அம்மா விடியும்வரை இருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ சுற்றிய அந்தக் குரலுக்குப் பின்னால் நீங்கள் சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்கிறீர்கள், அடுத்த நொடியே மெத்தை விளம்பரம் வருகிறது! இப்போது அது ரீல்ஸாகி, அக்காவின் மகளுக்கே காலேஜ் குரூப்பில் வந்திருக்கிறது. "இதை யாருடா அவங்களுக்குக் கொடுத்தது" என்று மட்டும்தான் அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருக்கிறதா?

அதை எடுத்துவிடுங்கள்.

சிரிக்க வேறு விஷயமா இல்லை? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள், ஆற்றங்கரையில் இருந்த எங்களுக்குத் தண்ணீர் வந்துதான் தகவல் சொன்னது. 2018-ல் சட்டமன்றத்தில் வைத்த, அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையே இதை மனிதர்களால் வந்த பேரிடர் என்றது. ஊர் ஊராக மக்கள் அனுப்பிய சோற்றுப் பொட்டலத்துக்கு அன்றைய முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டின கதை வேறு இருக்கிறது, எங்கள் மொட்டை மாடியில் நாங்களே அதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அங்கெல்லாம் உங்களுக்கு ஜோக் வராது, வந்தால் நோட்டீஸும் சேர்ந்து வரும் இல்லையா. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். அடுத்து சுனாமி என்று அறிவித்திருக்கிறீர்கள். பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் பக்கம் 2004-ல் வீட்டு ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். யாருடைய குரலையாவது, போட்டோவையாவது போடுவதாக இருந்தால் தயவுசெய்து நேரில் போய்க் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்டால் அவர்களே உங்களைவிட நன்றாகச் சிரிக்கவும் வைப்பார்கள்.

எபிசோட் முழுவதையும் நீக்கச் சொல்லவில்லை. அந்தக் குரலையும் அதை வெட்டிப் போட்ட ரீல்ஸையும் மட்டும் எடுத்துவிடுங்கள், எடுத்ததும் ஒரு வரி பதில் போடுங்கள், அக்காவிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஜாபர்கான்பேட்டையிலிருந்து உங்கள் நேயர்