ஒரு கம்பும் தூக்குக்குண்டும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்ச்சி விகிதம் பற்றித் தங்கள் இதழில் அடிக்கடி செய்தி வருகிறது, நல்லது. அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் கையால் எதையாவது செய்து பார்த்தார்களா என்றுதான் யாரும் கேட்பதில்லை. என் மகள் பத்தாம் கிரேடு. அவளுடைய செய்முறை நோட்டையும் தோழிகளின் நோட்டையும் வைத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஒரே அளவு, தசமப்புள்ளிகூடப் பிசகவில்லை. பலகையில் எழுதிப் போட்டதை வகுப்பே பார்த்து எழுதியிருக்கிறது. ஆசிரியர்களை மட்டும் திட்டிப் பயனில்லை, அவர்களுக்குப் பாடத்தை முடிக்கிற அவசரம். கேம்பிரிட்ஜ் ஓ லெவல் இயற்பியலில் லேபுக்குள் கால் வைக்காமலே எழுதக்கூடிய ‘செய்முறைக்கு மாற்று’ தாள் என்றே ஒன்று இருக்கிறதே!

லேபுக்குச் சாமான் வாங்கக் காசில்லை என்பார்கள். சரி, காசே வேண்டாத ஒன்றைச் சொல்கிறேன்.

நம் மொரீசியஸ் தீவு மகர ரேகைக்குச் சற்று வடக்கே, 20 பாகை தெற்கு அட்சரேகையில் இருக்கிறது. அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை, நவம்பர் 21, 22 வாக்கிலும் ஜனவரி 20 வாக்கிலும், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நவம்பரில் தேர்வு பயம், ஜனவரிதான் தோது. பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு மெல்லிய கம்பி ஒன்றை நட்டு, கொத்தனாரிடம் இருக்கிற தூக்குக்குண்டை வைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்து, பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிழலின் நுனியில் சாக்குக்கட்டியால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தலைநகர் போர்ட் லூயியில் 12.20 சுமாருக்கு நிழல் கம்பியின் காலடியில் ஒடுங்கிப் போகும், அப்புறம் எதிர்ப்பக்கம் நீள ஆரம்பிக்கும். நுனி கூர்மையாகத் தெரியாது. சூரியன் வானத்தில் அரை பாகை அகலமுள்ள தட்டு, அதனால் நிழலின் ஓரம் ஒரு செ.மீ. அளவுக்கு மங்கலாகத்தான் விழும். புள்ளியை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும், அளவுப்பிழை என்றால் என்ன என்று இதைவிட நன்றாக எந்த டியூஷன் மாஸ்டரும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

இன்னும் ஒன்று. நம்மில் சிலருக்குச் சென்னையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதே நாள் அங்கே நண்பகலில், அதுவும் அவர்கள் கடிகாரத்தில் ஏறக்குறைய அதே 12.20, ஒரு மீட்டர் கம்பிக்கு சுமார் 65 செ.மீ. நிழல் விழும். அதை அளந்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னால் போதும், சூரியன் அங்கே உச்சியிலிருந்து சாய்ந்திருக்கிற கோணம் 33 பாகை என்று பத்தாம் கிரேடு கணக்கிலேயே வந்துவிடும். இங்கே சூரியன் நேர் உச்சியில் இருப்பதால், பூமி உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே வடக்கு தெற்காக உள்ள கோணமும் அதுதான். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக மட்டும் (நேர்த்தூரம் இல்லை, இதில்தான் பலர் தடுமாறுவார்கள்) சுமார் 3,700 கி.மீ. 33 பாகைக்கு இவ்வளவு என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. பக்கம் வந்து நிற்கும். 2,200 வருஷத்துக்கு முன்னால் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் செய்தது இதைத்தான்.

வேதியியலுக்கும் வீட்டிலேயே இருக்கிறது. ஆலத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டுச் சிவக்கிறது, அதில் எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகிறது. லிட்மஸ் தாள் செய்கிற வேலை அது, பூஜை அறையில் நடக்கிறது என்பதால் பாடமில்லை என்று ஆகிவிடுமா? 2020 ஆகஸ்டில் நம் கரையோரம் தரைதட்டிய வகாஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, அது பரவாமல் தடுக்கக் கரும்புச் சோகையைத் திணித்து மிதவை தைத்தது நம் ஜனங்கள்தான். அந்தச் சோகை எண்ணெயை எவ்வளவு குடிக்கிறது, தண்ணீரை எவ்வளவு குடிக்கிறது என்று ஒரு வாளியில் அளந்து பார்க்கலாம், சமையல் எண்ணெயே போதும்.

பெல் வில்லேஜ் ராஜீவ் காந்தி அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு பகல் சுற்றுலா.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரி முதல் வாரம் இந்தச் சோதனையை ஒரு சின்னப் படத்தோடு போடுங்கள், சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். புயல் காலம், மேகம் மூடினால் மறுநாள் அளக்கலாம், நாளுக்கு நாள் நண்பகல் நிழல் நாலு மில்லிமீட்டர்தான் மாறும். பிள்ளைகள் அனுப்புகிற அளவுகளைத் திருத்தாமல், கோணலாக வந்ததையும் சேர்த்து, ஊர் பெயரோடு அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
ரோஸ்ஹில், மொரீசியஸ்