இந்த மண்ணின் ‘ஒருவனுக்கு ஒருத்தி’

ஆசிரியர் ஐயாவுக்கு,

ஞாயிறு குடும்பப் பக்கக் கட்டுரை வாசித்தேன். ‘ஒருவனுக்கு ஒருத்தி, இந்த மண்ணில் ஆதியிலிருந்தே உள்ள வழக்கம்’ என்று ஒரு வரி. எந்த மண்ணில் என்று தெரிந்தால் நல்லது.

எங்கள் திருகோணமலைக் குடாவுக்கு அந்தப் பக்கம், கொட்டியாரத்தில்தான் 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமியைப் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது வருடம் அங்கே கிடந்து தப்பிய அந்த மனிதர், அண்ணன் தம்பி இருவரும் ஒருத்தியோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியதையும், பிள்ளைகள் இருவரையுமே அப்பா என்றதையும் எழுதிவைத்திருக்கிறார். அப்படி இருந்தால் வயல் துண்டுபடாது, ஒருவர் இராசகாரியத்துக்கு, அதாவது அரசனுக்குச் செய்யவேண்டிய கட்டாய வேலைக்குப் போனால் மற்றவர் வீட்டோடு இருப்பார். வெள்ளைக்காரன் 1859இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தப் பார்த்தான். ஆதியிலிருந்தே இருந்ததற்குச் சட்டம் எதற்கு? உங்களுக்குத் தெரியாததா, வள்ளி தெய்வானையோடு நிற்கிற சுவாமிக்கு வருடாவருடம் திருக்கல்யாணம் செய்கிற ஆட்கள் நாங்கள்.

என் பெரியப்பாவுக்கு நிலாவெளிப் பக்கம் இன்னொரு குடும்பம். ஊருக்கே தெரியும், ஒருவரும் கேட்கவில்லை. பெரியம்மா ஒருநாள் சந்தையில் பழைய வகுப்புத் தோழரோடு நின்று கதைத்துவிட்டார், அதற்கு ஒரு மாதம் வீட்டில் பேச்சில்லை. பெரியப்பாவின் செத்தவீட்டில் மற்ற அம்மா பந்தலுக்குள் வரவில்லை. செருப்புகள் குவிந்துகிடந்த மதிலோரம் நின்றார், பக்கத்தில் மகன், கையில் மாலை. அதை வாங்க ஒரு ஆம்பிளையும் எழும்பவில்லை, பெரியம்மாதான் எழுந்துபோய் வாங்கினார். கல்யாண எழுத்து (பதிவு) இருந்தபடியால் பென்சன் பெரியம்மாவுக்கு வந்தது. அந்த அம்மாவிடம் முப்பது வருடக் குடும்பத்துக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இதைத்தான் கட்டுரையாளர் வழக்கம் என்கிறார். சரி, அவர் ஆம்பிளை.

அதே பக்கத்தின் கீழே ‘மணமகள் தேவை, அடக்கமானவர், சொந்த வீடு விரும்பத்தக்கது’ என்று விளம்பரம். வீட்டோடு வா, அடங்கியும் இரு! போன வருடம் இதைப் பற்றி எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. இதையும் போடமாட்டீர்கள்.

போடாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் செய்யுங்கள். போன மாதம் பெரியம்மாவின் நினைவஞ்சலியில் ‘அன்னாரின் துணைவியார்’ என்று பெரியப்பாவின் பெயரை மட்டும் போட்டு, செத்தவரின் பெயரையே விட்டுவிட்டீர்கள். கேட்டால் இடம் போதவில்லையாம். வருகிற ஞாயிறு அவர் பெயரோடு திருத்திப் போடுங்கள். மறுபடி காசு கேட்காதீர்கள், பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை