உமையாளுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்

பள்ளத்தூர்

அன்புள்ள உமையாள்,

இங்கே எல்லோரும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. குரல் மட்டும் பழையபடி தெருமுனை வரை கேட்கிறது. மழைக்கு முன் ஓடு மாற்ற ஆரம்பித்த வேலை பாதியில் நிற்கிறது. கோட்டையூர்க்காரி இன்னும் அந்தச் சாந்துப்பொட்டுக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வந்தால் உனக்கும் உண்டு, தப்ப முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முயலுக்குத் துணையாக ஒரு பெண் முயல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அதே கூண்டில் விடப்போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தக் கூண்டில் விடாதே. தயவுசெய்து விடாதே.

எங்கள் கவுனியும் பணியாரமும் ஒரே ஈத்துக் குட்டிகள். அண்ணன் பிள்ளைகளுக்காக வாங்கியபோது, இரண்டும் பெண் என்றுதான் கடையில் சொன்னார்கள். சின்னக் குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது கஷ்டம், அதனால் கடைக்காரர் பேச்சை நீயும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. குட்டியாக இருந்தவரை ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கியவைதான் இரண்டும். நான்கு மாதம் நெருங்கும்போது விரை இறங்கி, இரண்டும் ஆண் என்று தெரிந்தது. கூடவே சண்டையும் வந்தது.

முயல் சண்டையை நீ பார்த்திருக்க மாட்டாய். பெரிதாகச் சத்தமே வராது. காதைப் பின்னால் படிய மடித்து, வாலைத் தூக்கி, ஒன்றையொன்று சுற்றும். அப்புறம் பின்னிக்கொண்டு உருளும். பின்னங்கால் நகத்தால் வயிற்றைக் கீறும், பல்லால் விரையைத் தேடிக் கடிக்கும். பிரிக்கப் போய் அண்ணன் மனைவி, எங்கள் அண்ணமிண்டி, கையை நீட்டினார்கள். அப்பத்தா அதட்டிய அதட்டில் கை தானாகப் பின்னால் வந்தது. முழங்கால் வலியோடு எழுந்துபோய் முறத்தை எடுத்துவந்து இரண்டுக்கும் நடுவில் செருகினாள். கெட்டித் துண்டு, தலையணை, முறம், எது கிடைத்தாலும் சரி. வெறுங்கை மட்டும் கூடாது. அந்த நேரத்தில் யார் கை என்றெல்லாம் முயலுக்குத் தெரியாது.

பணியாரத்துக்குக் காது நுனி கிழிந்தது கண்ணுக்குத் தெரிந்தது, மருந்து போட்டோம். தோள்பக்கம் முடிக்குள் ஒரு பல் பதிந்திருந்தது தெரியவில்லை. சில நாள் கழித்துத் தடவிக்கொடுக்கும்போது விரலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. மதுரையில் டாக்டர் அதைக் கீறிக் காட்டினார். முயலுக்குச் சீழ் நம்முடையதுபோல் வடியாதாம். இறுகிப்போய் உள்ளேயே கிடக்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது அது கத்தவும் இல்லை, மூக்கு மட்டும் வேகமாகத் துடித்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை உமையாள். அதனால் சொல்கிறேன், சின்ன உரசல் நடந்தால்கூட முடியை விலக்கி விலக்கி உடம்பு முழுக்கப் பார்.

கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் முயல்களைத் தனித்தனிக் கூண்டில் வைத்திருந்தார்களே, நீகூட "ஐயோ பாவம்" என்றாய். இனப்பெருக்கத்துக்கு வளர்க்கும் இடத்தில் வேறு வழியில்லை. ஆனால் வீட்டில் ஒற்றை முயல் வாடிப்போகும். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிற பிராணி அது. கூட்டத்துக்குள்ளும் யார் மேலே, யார் கீழே என்று முடிவாகாமல் ஓயாது. போகிற இடமெல்லாம் தாடையைத் தேய்த்து, இது என்னுடையது என்று வாசனை வைக்கும். வெளியில் என்றால் தோற்றது ஓடிப் பிழைக்கும். கூண்டில் எங்கே ஓடும்? உன் முயல் தாடை தேய்த்து வைத்த கூண்டுக்குள் அந்தப் புதுப் பெண்ணை விட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார்.

நாங்கள் செய்தது, நம் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைக்கிற கதைதான்: வளவு ஒன்று, அறை தனி, அடுப்பு தனி. இரண்டுக்கும் ஆண்மை நீக்கம் செய்து, புண் ஆறி, உடம்பில் இருக்கிற வேகம் அடங்கும்வரை பக்கத்துப் பக்கத்து அறையில் வைத்தோம். பிறகு வளவில் இரட்டைக் கம்பிவலை. நடுவில் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். ஒற்றை வலையென்றால் அதன் வழியாகவே மூக்கைக் கடித்துக்கொள்ளும். இதன் சாக்கை அதற்கும் அதன் சாக்கை இதற்கும் மாற்றிப் போட்டு, வலையோரத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முருங்கைக்கீரை வைத்தோம். கவுனி முதலில் தின்னாமல் முறைத்துக்கொண்டே இருந்தது. பிறகு முறைத்துக்கொண்டே தின்றது. பிறகு தின்பது மட்டும்தான்.

வலை இல்லாமல் சந்திக்க வைத்தது முகப்பில். இரண்டுமே அதுவரை கால் வைக்காத இடம், அதுதான் முக்கியம். ஆத்தங்குடிக் கல் தரை வழுக்கும், பாதமும் புண்ணாகும் என்பதால் சாக்கு விரித்தோம். வெயிலேறினால் முயல் தாங்காது, அதனால் விடியற்காலையில் மட்டும். முதலில் சில நிமிஷம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். ஒன்றன் மேல் ஒன்று ஏறும், துரத்தும், கொஞ்சம் முடி பறக்கும். அதெல்லாம் பேச்சுவார்த்தை, விட்டுவிடலாம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிடு, கீழே இருப்பது கடிக்கக்கூடாத இடத்தில் கடித்துவிடும். காதும் வாலும் நான் சொன்ன மாதிரி போனால் உடனே முறம்.

போன வாரம் பணியாரம் தலையைத் தாழ்த்திக் கவுனிக்கு முன்னால் நீட்டியது. கவுனி அதன் நெற்றியை நக்க ஆரம்பித்து, கிழிந்த காது நுனி வரைக்கும் நக்கியது. ஆத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது ராத்திரியும் ஒன்றாகத்தான்.

உன் விஷயத்தில் ஆணும் பெண்ணும் என்பதால் ஒத்துப்போவது எங்களைவிடச் சுலபம், ஆபத்து வேறு. 31 நாளில் குட்டி போடும், போட்ட அன்றே மறுபடி சினையாகும். உன் ஆணுக்கு இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய். செய்த பிறகும் 4 முதல் 6 வாரம் பெண்ணிடம் விடாதே, அதுவரை சினைப்படுத்தும் சக்தி இருக்கலாம். பெண்ணுக்கும் செய்துவிடு, செய்யாமல் விட்டால் வயதான பிறகு கர்ப்பப்பையில் புற்றுநோய் வருவது முயலில் அதிகம். ஆனால் முயலுக்கு ஆபரேஷன் செய்து பழகிய டாக்டராகப் பார். முந்தின ராத்திரி பட்டினி போடச் சொன்னால் வேறு டாக்டரைத் தேடு. முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும். இரண்டும் பழகிச் சேர்ந்த பிறகு டாக்டரிடம் போக நேர்ந்தால் இரண்டையும் சேர்த்தே கூட்டிப்போ. ஒன்று மட்டும் மருந்து வாசனையோடு திரும்பினால் மற்றது அடையாளம் தெரியாமல் பாயும்.

அந்தக் கூண்டையும் தூக்கிப் போடு. பிரிட்டனில் முயல் நலச் சங்கம் ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. உன் பின்கட்டுத் தாழ்வாரத்தில் அவ்வளவு இடம் தாராளமாக இருக்கிறது, செருப்பு ஸ்டாண்டை நகர்த்து. ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்தால் இரண்டு வாசல் வெட்டு. ஒரு வாசல் என்றால் உள்ளே போனது மாட்டிக்கொள்ளும். தண்ணீர், புல் எல்லாம் இரண்டிரண்டு இடத்தில். உன் மகள் கினிப்பன்றியும் கேட்கிறாளாமே? அதைத் தனியாக வளர்க்கட்டும், முயலின் ஒரு உதை அதற்குத் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதற்கு முன் எனக்குப் போன் பண்ணு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாங்கு, அடுத்த அறையில் வை.

உன்
மீனாள்

பி.கு: அண்ணன் கோயம்புத்தூர் வருகிறான். வேலிமசால் தீவனச் செடியின் விதையும் சீப்புச்சீடையும் கொடுத்தனுப்புகிறேன். விதைத்து வளரும் தழை முயலுக்கு, சீடை உனக்கு.