கமிஷன் சதவீதம் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்காவில் ஸ்டார்ட்அப் தொடங்கும் நம்மவர்கள் எந்த ஆன்லைன் பேமென்ட் நிறுவனத்தைப் பிடிக்கலாம் என்று உங்கள் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கமிஷன் யாரிடம் குறைவு என்று ஒரு அட்டவணை போட்டதோடு கட்டுரை முடிந்துவிட்டது. ஊரில் யுபிஐக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. அதனால் சதவீதத்தைக் கண்டதும் நம் கண் அங்கேயே நின்றுவிடுகிறது போலும்.

நைரோபியில், விவசாயிகளுக்குச் சோலார் பம்ப்பைத் தவணையில் விற்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்ப்பவள் நான். பம்ப் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. வாங்குகிறவர்கள் மேரு, நகுரு பக்கத்து விவசாயிகள். அவர்களிடம் கார்டு கிடையாது. 2007-ல் சஃபாரிகாம் என்ற போன் நிறுவனம் தொடங்கிய, போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசாதான் எல்லாம். எங்கள் பேபில் எண்ணை (நிறுவனங்கள் பணம் வாங்க எம்-பெசா தரும் எண்) போட்டு, கணக்கு எண் கேட்கும் இடத்தில் பம்ப் எண்ணைத் தட்டி, ரகசிய பின் எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடும். வந்த பணம் யாருடையது என்பதில்தான் பாடு. மேருவில் இருக்கும் அம்மாவின் தவணையை மொம்பாசாவில் வேலை பார்க்கும் மகன் தன் போனிலிருந்து கட்டுவான். பெயரும் பொருந்தாது, போன் எண்ணும் பொருந்தாது. பம்ப் எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பணம் அந்தரத்தில் நிற்கும், தவணை வரவில்லை என்று பம்ப் தானாகப் பூட்டிக்கொள்ளும், அந்த அம்மா போனில் எங்களைப் பிடிபிடி என்று பிடிப்பார். நியாயம்தான்.

ஆகவே எந்த நிறுவனம் வந்தாலும் நான் முதலில் கேட்பது, தப்பான கணக்கு எண்ணோடு வரும் பணத்தை ஏற்பதற்கு முன்பே மறுக்க முடியுமா என்பதைத்தான். எம்-பெசாவில் அதற்கு வழி உண்டு. ஆனால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நாமே வாடிக்கையாளர் போனுக்குக் கோரிக்கை அனுப்பி, அவர் பின் எண்ணை மட்டும் போடுகிற முறையும் உண்டு. அதிலும் பணம் கழிந்த பிறகு, கழிந்தது என்ற தகவல் நம் சர்வருக்கு வராமல் போவதுண்டு. அப்போது எஸ்.எம்.எஸ்-இல் வரும் ரசீது எண்ணை வைத்துத் தேடிப் பிடிக்க அவர்கள் தளத்தில் வசதி இருக்கிறதா? விற்க வருகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மழுப்புவார்கள்.

எல்லை தாண்டினால் கதையே வேறு. தான்சானியாவிலும் எம்-பெசா உண்டு, ஆனால் நடத்துவது வோடாகாம் என்ற வேறு போன் நிறுவனம்; கென்ய ஒப்பந்தம் அங்கே செல்லாது. உகாண்டாவில் எம்டிஎன், ஏர்டெல் என்ற போன் நிறுவனங்களின் பணச் சேவைகள். நைஜீரியாவில் கார்டும் வங்கிப் பரிமாற்றமும். அங்கே பேஸ்டாக் என்ற பேமென்ட் நிறுவனம் உள்ளூர்ப் பரிவர்த்தனைக்கு அறிவித்திருக்கும் கட்டணம் 1.5 சதவீதமும் 100 நைராவும், உச்சம் 2,000 நைரா. 5,000 நைரா தவணைக்கு 175 பிடிப்பார்கள், அதாவது 3.5 சதவீதம். 3,00,000 நைராவை மொத்தமாகக் கட்டினாலோ 2,000-தான், ஒரு சதவீதம்கூட இல்லை. உங்கள் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே எண்.

அதைவிடப் பெரிய செலவு, பணம் நம் கைக்கு வரத் தாமதமாவது. நைஜீரிய மத்திய வங்கி 2023 ஜூனில் நாணய மதிப்பைச் சந்தையிடம் விட்டது. அதுவரை டாலருக்குச் சுமார் 460 நைரா. 2024 பிப்ரவரியில் 1,500-ஐத் தாண்டியது. நைராவில் வசூலித்து டாலரில் சரக்குக்குக் கொடுக்கும் ஒருவருக்கு, வசூலான பணம் கைக்கு வருவது (செட்டில்மென்ட்) ஒரு வாரம் தள்ளினால் கமிஷனில் மிச்சம் பிடித்த அரை சதவீதம் எந்த மூலைக்கு?

எங்களுக்கே நடந்தது. ஒரு ஜனவரி வறட்சியில் பம்ப் விற்பனை எகிறியது. வரவு திடீரென்று கூடியதைச் சந்தேகப்பட்டு, அப்போது எங்களுக்கு வசூலித்துத் தந்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) பணத்தை நிறுத்திவைத்து ஆவணம் ஆவணமாகக் கேட்டது. ஓவர்டிராஃப்ட் எடுத்துச் சம்பளம் போட்டோம். கமிஷன் குறைவு என்றுதான் அவர்களைப் பிடித்திருந்தார் எங்கள் முதலாளி.

உரிமத்தையும் நேரில் சரிபார்க்க வேண்டும். பெரிய பெயர் என்று விட்டுவிடக் கூடாது. பிளட்டர்வேவ், சிப்பர் கேஷ் என்ற இரண்டு பேமென்ட் நிறுவனங்களுக்கும் இங்கே உரிமம் இல்லை என்று சொல்லி, அவற்றோடு தொடர்பை நிறுத்தும்படி கென்ய மத்திய வங்கி 2022 ஜூலையில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

அடுத்த முறை அட்டவணை போடும்போது நாடுவாரியாகப் போடுங்கள். எத்தனை நாளில் பணம் வரும், எந்த நாணயத்தில் வரும், அந்த நாட்டு மத்திய வங்கியின் உரிமம் உண்டா என்று மூன்று நெடுவரிசை சேருங்கள். இடம் மிஞ்சினால் நான்காவதாக ஒன்று: சனிக்கிழமை மதியம் போன் செய்தால் மனிதர் யாராவது எடுப்பார்களா?

இப்படிக்கு,
பொள்ளாச்சியைச் சேர்ந்த ஒரு வாசகி,
நைரோபி, கென்யா